விண்மீன்களே உரைகல்: கடலோடியின் கோணக்கருவியைச் சோதிக்கும் முறை

முன்னுரை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை நடைபெறும் கூடங்களுக்குள் சென்று பார்ப்போர், அங்குள்ள அளவுகருவிகளின்மீது சிறு தாள் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதைக் காண்பர். இக்கருவி இன்ன நாளில் சோதிக்கப்பட்டது, மறுபடி இன்ன நாளுக்குள் சோதிக்கப்படல் வேண்டும் என்பதே அத்தாளின் செய்தி. திருகு அளவி ஒன்று சரியாக அளக்கிறதா என்பதை அறிய, தடிமன் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையை அதனால் அளந்து பார்ப்பர். கட்டையின் அளவு முன்னரே தெரிந்தது. ஆகவே வேறுபாடு தோன்றின் அது கருவியின் குற்றமே.

தொழிற்கூடத்திற்கு எஃகுக் கட்டை உண்டு. நடுக்கடலில் செல்லும் மாலுமிக்கு என்ன உண்டு? கலத்தின் இருப்பிடத்தைக் காண அவர் கையாளும் கோணக்கருவி பிழைபட்டிருந்தால், அதனை எதனோடு ஒப்பிட்டு அறிவார்? இவ்வினாவுக்கு விடை வானத்தில் இருக்கிறது. விண்மீன்களைக் கொண்டு அக்கருவியின் செம்மையைச் சோதிக்கும் முறையை மாணவர் உணரும் வண்ணம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

கடலோடிகளின் இக்கோணக்கருவி செக்ஸ்டண்ட் எனப்படும். இலத்தீன் மொழியில் ஆறிலொன்று எனப் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. கருவியின் அடியிலுள்ள வில், முழு வட்டத்தின் ஆறிலொரு பங்காக, அதாவது 60 பாகையாக இருப்பதே இதற்குக் காரணம். இதற்கு முன்னரே அரபு அறிஞர்கள் தம் வானியற் கருவி ஒன்றிற்குச் 'சுதுஸ்' எனப் பெயரிட்டிருந்தனர். பாகப்பிரிவினையில் ஆறிலொரு பங்கைச் சுதுஸ் என வழங்குவதை நம் பெரியோர் நன்கறிவர். அச்சொல்லே இதுவும்.

கப்பலோட்டியைக் குறிக்க நாம் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல், ஆசிரியர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. மீகாமன், நீகான் என்னும் பழந்தமிழ்ச் சொற்களோடு இதுவும் நம் மொழியில் இடம்பெற்றுவிட்டது. சோழமண்டலக் கரையும் அரபுக் கடலும் கொண்டிருந்த உறவுக்கு இச்சொல்லே சான்று பகரும். அக்காலத்து அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ மீனின் உயரத்தை விரற்கணக்கில் அளந்தனர். ஒரு விரல் என்பது ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதியானது. கரையோரமாகவும் பருவக்காற்றின் துணையோடும் சென்ற கலங்களுக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

கருவியின் அமைப்பு

இன்றைய செக்ஸ்டண்டின் கொள்கையை 1731ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் ஹாட்லி வெளிப்படுத்தினார். இதில் இரு கண்ணாடிகள் உண்டு. ஒன்று, நகரும் கையின் மீது பொருத்தப்பட்ட சுட்டுக் கண்ணாடி. மற்றொன்று, சட்டத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டதும் பாதி மட்டும் இரசம் பூசப்பட்டதுமான அடிவானக் கண்ணாடி. பூசப்படாத பாதியின் வழியே ஒரு பொருளை நேரே காண்கிறோம். பூசப்பட்ட பாதியில், சுட்டுக் கண்ணாடி அனுப்பும் மற்றொரு பொருளின் பிம்பத்தைக் காண்கிறோம். கையை நகர்த்தி இரண்டையும் ஒன்றுபடுத்தினால், இரு பொருள்களுக்கும் இடைப்பட்ட கோணத்தை வில்லில் படிக்கலாம்.

கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் அது அனுப்பும் கதிர் இரண்டு பாகை திரும்பும் என்பது பள்ளியிலேயே கற்ற விதி. ஆதலின் 60 பாகை வில்லில் 120 பாகை வரை குறியிட முடிகிறது. ஒரு பாகை 60 கலை. ஒரு கலை 60 விகலை. நல்ல கருவியின் மைக்ரோமீட்டர் உருளையில் கலையின் பத்திலொரு பங்கு வரை படிக்கலாம்.

ஒரு கலைப் பிழையின் விலை

ஒரு கலை என்பது நுண்ணிய அளவேயன்றோ, அதனால் என்ன கெட்டுவிடும் என மாணவர் வினவலாம். விண்மீனின் உயரத்தை அளப்பதில் ஒரு கலை பிழைத்தால், அதனால் கணிக்கும் இருப்பிடக் கோடு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் பிறழும். பழவேற்காட்டிற்கும் எண்ணூருக்கும் அப்பால் கடலடியில் மணல்திட்டுகள் உள்ளன. அவ்விடத்தில் இரண்டு கிலோமீட்டர் பிறழ்வு, ஆழ்கடலில் செல்கிறோம் என்னும் எண்ணத்தோடே கலத்தைத் தரைதட்டச் செய்யப் போதுமானது.

முற்காலத்தில் இதன் விலை இன்னும் பெரிது. கடிகாரம் நம்பத்தகாததாயிருந்த நாளில், நிலவுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து நெட்டாங்கு கண்டனர். இதற்கான அட்டவணைகள் 1767ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயரின் கடற்பஞ்சாங்கத்தில் வெளிவந்தன. நிலவு விண்மீன்களிடையே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரைப் பாகையே நகர்கிறது. எனவே அக்கோணத்தில் ஒரு கலை பிழைத்தால் நேரத்தில் இரண்டு நிமிடம் பிழைக்கும். நெட்டாங்கில் அரைப் பாகை பிழைக்கும். நம் அகலாங்கில் அது ஏறத்தாழ 29 கடல் மைல். கடற்கரையிலிருந்து திருவள்ளூர் நகரைத் தாண்டிச் செல்லும் தொலைவு அது.

சென்னையில் வானாய்வகம் தோன்றியதும் இத்தேவையின் பொருட்டே. கிழக்கிந்தியக் கம்பெனியின் கரையோர அளவையாளராக விளங்கிய மைக்கேல் டாப்பிங் பொறுப்பில் 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் அவ்வாய்வகம் எழுந்தது. கருவியைத் தாங்க அங்கு நிறுவப்பட்ட கருங்கல் தூணில் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. டாப்பிங்கே 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியையும் தொடங்கினார். கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்கம் அதுவே. அவருக்குப்பின் வந்த கோல்டிங்காம், 1802ஆம் ஆண்டில் சென்னையின் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என வகுத்தார். இடம் செம்மையாகத் தெரிந்த ஒரு புள்ளி கரையில் கிடைத்தபின், கடலில் கொண்டுசெல்லும் கருவிகளை அதனோடு ஒப்பிட்டுச் சோதிக்க இயன்றது.

பிழைகள் இருவகை

செக்ஸ்டண்டின் பிழைகளை, திருகாணியால் சரிசெய்யத் தக்கவை, சரிசெய்ய இயலாதவை என இரண்டாகப் பகுக்கலாம்.

சரிசெய்யத் தக்கவற்றுள் முதலாவது, சுட்டுக் கண்ணாடி கருவியின் தளத்திற்குச் செங்குத்தாக இல்லாமை. கையை வில்லின் நடுவே நிறுத்தி, வில்லை நேராகவும் கண்ணாடியிலும் ஒருசேர நோக்க வேண்டும். இரண்டும் ஒரே கோடாகத் தொடர்ந்தால் குறையில்லை. முறிந்து தோன்றினால் குறையுண்டு. இரண்டாவது, அடிவானக் கண்ணாடி செங்குத்தாக இல்லாமை. இதனைப் பக்கப்பிழை என்பர். மூன்றாவது, வெர்னியர் அளவியிலும் திருகு அளவியிலும் மாணவர் கண்டறியும் சுழிப்பிழை. இரு கண்ணாடிகளும் இணையாக நிற்கும்போது கருவி சுழியைக் காட்ட வேண்டும். காட்டாவிடில் அதுவே சுழிப்பிழை.

பின்னிரண்டையும் ஒரே விண்மீனைக் கொண்டு கண்டுவிடலாம். கையைச் சுழியில் வைத்து, மிகுந்த ஒளியில்லாத ஒரு விண்மீனை நோக்குக. நேர்த்தோற்றமும் பிம்பமுமாக இரண்டு புள்ளிகள் தெரியும். உருளையை மெல்லத் திருப்பினால் பிம்பம் மேலும் கீழுமாக நகரும். அது நேர்த்தோற்றத்தின் மீதே ஏறி இறங்கினால் பக்கப்பிழை இல்லை. பக்கவாட்டில் விலகிச் சென்றால் உண்டு. பின்னர் இரண்டையும் ஒரே புள்ளியாக்கி அளவைப் படிக்க வேண்டும். சுழிக்கு மேல் 2 கலை காட்டினால், அக்கருவியால் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் 2 கலையைக் கழிக்க வேண்டும். சுழிக்குக் கீழே காட்டினால் கூட்ட வேண்டும். விண்மீன் மிகத் தொலைவிலிருப்பதால் அதன் ஒளி இணைகதிராக வருகிறது. அருகிலுள்ள கோபுரத்தையோ புகைபோக்கியையோ கொண்டு இச்சோதனையைச் செய்தால், கண்ணாடிகளுக்கு இடையேயுள்ள தூரமே பிழையாகப் புகுந்துவிடும்.

சரிசெய்ய இயலாதவை உள்ளே மறைந்திருப்பவை. கை சுழலும் அச்சு வில்லின் மையத்தில் மிகச் சரியாக அமையாமலிருக்கலாம். வில்லின் கோடுகள் சமமாகப் பகுக்கப்படாமலிருக்கலாம். கண்ணாடியின் இரு முகங்களும் இணையாக இல்லாமலிருக்கலாம். இப்பிழை சுழியில் தோன்றாது. 20 பாகையில் ஓரளவும் 80 பாகையில் வேறோரளவும் இருக்கும். சுழியில் சரியாக நிற்கும் கருவி எங்கும் சரியாக நிற்கும் எனக் கொள்வது தவறு. இதன் பொருட்டே புதிய கருவியின் பெட்டிக்குள், எந்தப் பாகையில் எவ்வளவு பிழை எனக் காட்டும் சான்றிதழ் வைக்கப்படுகிறது. ஆயினும் கருவி ஒருமுறை கைதவறி விழுந்தால் அச்சான்றிதழின் மதிப்பு போய்விடும்.

விண்மீன் இணைகள்

இம்மறைந்த பிழையைக் காண இரு விண்மீன்களுக்கு இடைப்பட்ட கோணமே தக்க அளவுகோல். ஒரே மீனின் உயரத்தைக் கொண்டும் சோதிக்கலாம். ஆனால் அதற்கு அடிவானம் தெளிவாகத் தெரிய வேண்டும். நோக்குவோர் நிற்கும் உயரமும் இடமும் நேரமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இரு மீன்களுக்கு இடைப்பட்ட தொலைவோ உலகில் எங்கிருந்து நோக்கினும் ஏறக்குறைய ஒன்றே. விண்மீன்கள் கிழக்கே எழுந்து மேற்கே மறையினும் அவற்றின் இடைவெளி மாறுவதில்லை.

நம்மவர் பஞ்சாங்கத்தில் வழங்கும் நாள்மீன்களே இதற்கு மிகவும் ஏற்றவை. ரோகிணிக்கும் திருவாதிரைக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 21 பாகை 23 கலை. மகத்திற்கும் சித்திரைக்கும் இடைப்பட்டது 54 பாகை 4 கலை. ரோகிணிக்கும் மகத்திற்கும் இடைப்பட்டது 80 பாகை 8 கலை. இம்மூன்று இணைகளால் வில்லின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று பகுதிகளையும் சோதிக்க இயலும். ரோகிணி மேலைநாட்டாரின் ஆல்டெபரான், திருவாதிரை பெடல்கியூஸ், மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைகா. இவற்றுள் முன்னிரண்டின் மேலைப் பெயர்களும் அரபுச் சொற்களின் திரிபுகளே.

ஈண்டு ஒரு திருத்தம் இன்றியமையாதது. காற்று மண்டலம் ஒளியை வளைத்து ஒவ்வொரு மீனையும் சற்று மேலே தூக்கிக் காட்டும். இதனை ஒளிவிலகல் என்பர். 45 பாகை உயரத்தில் இது ஏறத்தாழ ஒரு கலை; அடிவானத்தை அணுக அணுக மிகும்; அடிவானத்தில் அரைப் பாகைக்கும் மேலாகும். ஆதலின் 30 பாகைக்குக் கீழுள்ள மீன்களை இச்சோதனைக்குக் கொள்ளலாகாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவோம். மார்ச்சுத் திங்கள் முதல் வாரத்தில் இரவு எட்டரை மணியளவில் பழவேற்காட்டில் நின்று நோக்கினால், ரோகிணி மேற்கிலும் மகம் கிழக்கிலும் ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் விளங்கும். உச்சி வானம் இரண்டிற்கும் நடுவே இருக்கும். ஒளிவிலகல் ஒவ்வொன்றையும் உச்சியை நோக்கி 0.8 கலை உயர்த்தும். ஆதலின் இடைவெளி 1.6 கலை சுருங்கித் தோன்றும். 80 பாகை 8.0 கலை இருக்க வேண்டிய கோணம் 80 பாகை 6.4 கலையாகவே கண்ணுக்குப் புலப்படும்.

கருவியில் முதலில் இக்கோணத்தையே வைத்துக்கொண்டு ஒரு மீனை நேரே நோக்கினால், மற்றதன் பிம்பம் தானே அருகில் வந்துவிடும். கருவியை இரு மீன்களும் அமைந்த தளத்தில் சாய்த்துப் பிடித்து, மெல்ல அசைத்து, இரண்டையும் பொருத்த வேண்டும். ஒருமுறை எடுத்த அளவை நம்பலாகாது. பத்துமுறை அளந்து சராசரி காண்க. சுழிப்பிழையை நீக்கியபின் அச்சராசரி 80 பாகை 7.4 கலை என வந்ததாகக் கொள்வோம். வரவேண்டியது 6.4, வந்தது 7.4. ஆகவே 80 பாகையை அடுத்த பகுதியில் இக்கருவி ஒரு கலை மிகுத்துக் காட்டுகிறது. இனி அப்பகுதியில் எடுக்கும் அளவுகளில் ஒரு கலையைக் கழித்துக்கொள்ள வேண்டும். மற்ற இணைகளையும் இவ்வாறே அளந்து ஓர் அட்டவணை வரைந்துகொண்டால் கருவிக்குப் புதிய சான்றிதழ் கிடைத்துவிடும்.

விண்மீன்களின் இடம் காலப்போக்கில் மிகச் சிறிதளவு மாறும். பூமியின் ஓட்டத்தாலும் கலையின் சிறு பின்னம் வேறுபாடு தோன்றும். ஆதலின் நுண்ணிய சோதனைக்கு, கொல்கத்தாவிலுள்ள நிலை வானியல் மையம் வெளியிடும் வானியல் பஞ்சாங்கத்தில் அந்நாளுக்குரிய இடங்களை எடுத்துக் கணித்தல் வேண்டும்.

பேரறிஞரின் கருவியும் பிழைத்த வரலாறு

கருவி பெரிதாயின் பிழை தானே ஒழியும் என எண்ணுவோர்க்கு ஒரு வரலாறு உண்டு. கி.பி. 994ஆம் ஆண்டில், இன்றைய தெகரானை அடுத்த ரய் நகரில், அல்குஜந்தி என்னும் அறிஞர் ஏறத்தாழ 20 மீட்டர் ஆரமுடைய சுதுஸ் ஒன்றை அமைத்தார். மன்னர் ஃபக்ருத்தவ்லாவின் பெயரால் அது 'சுதுஸ் அல்ஃபக்ரி' எனப்பட்டது. கூரையிலமைந்த சிறு துளை வழியே கதிரொளி இறங்கி, கீழேயுள்ள வில்லில் விழும். ஒவ்வொரு பாகையும் 360 கூறுகளாகப் பகுக்கப்பட்டிருந்தமையால் பத்து விகலை வரை அதில் படிக்க முடிந்தது.

அதைக்கொண்டு பூமி அச்சின் சாய்வை 23 பாகை 32 கலை 19 விகலை என அவர் கண்டார். அக்காலத்திற்குரிய மெய்யளவு ஏறத்தாழ 23 பாகை 34 கலை என இன்று கணித்தறிகிறோம். பத்து விகலை படிக்கவல்ல கருவி இரண்டு கலையளவு தவறியது. அதன் காரணத்தை அல்குஜந்தியோடு உரையாடி அறிந்து எழுதிவைத்தவர் அல்பிரூனி. கட்டடத்தின் எடையால் கூரைத்துளை ஒரு சாண் அளவு தாழ்ந்துவிட்டது என்பதே அக்காரணம். தம் காலத்தின் மிகச் சிறந்த கருவியையும், மதிப்பிற்குரிய அறிஞரின் முடிவையும் அல்பிரூனி சோதனைக்கு உட்படுத்தினார். அதனால் அல்குஜந்தியின் புகழ் குறைந்துவிடவில்லை. பிழையின் இடம் தெரிந்தமையால் பின்வந்தோர்க்கு அவர் எடுத்த அளவு பயன்பட்டது.

செயற்கைக்கோள் காலத்தில் இது எதற்கு?

இன்று கையகலக் கருவி இருப்பிடத்தைக் காட்டிவிடுகிறதே, விண்மீனை நோக்குவது வீண் வேலையன்றோ என்னும் வினா இயல்பானது. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவுகலங்கள் எழுவதை நம் மாவட்டத்தார் வீட்டு மாடியிலிருந்தே காண்கின்றனர். நம் நாட்டின் வழிகாட்டும் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது 2013 சூலை முதல் நாளன்று அங்கிருந்தே ஏவப்பட்டது. பின்னர் அதனுள்ளிருந்த ருபிடியம் அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதுற்றன. 2018 ஏப்பிரலில் வேறொரு செயற்கைக்கோள் அனுப்பப்பட்டது. பழுதை உரிய காலத்தில் கண்டறிய முடிந்ததற்குக் காரணம் தரையிலிருந்து இடையறாது நிகழ்ந்த சோதனையே.

2017 சூன் திங்களில் கருங்கடலில் சென்ற கப்பல்கள் சிலவற்றின் கருவிகள், அவை நிலத்திலுள்ள விமான நிலையம் ஒன்றில் நிற்பதாகக் காட்டின. பொய்யான அலைகளால் கருவிகளை ஏமாற்ற முடியும் என்பதை உலகம் அன்று கண்டது. வானியல் வழி கலஞ்செலுத்தும் பயிற்சியைக் கைவிட்டிருந்த அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015ஆம் ஆண்டில் அதனை மறுபடி தொடங்கியது. வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கான பன்னாட்டு விதிகளிலும் அப்பயிற்சி நிலைபெற்றுள்ளது. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கும் காட்டுப்பள்ளிக்கும் வரும் கலங்களின் அதிகாரிகளும் இதனைக் கற்றவர்களே. ஒரு கருவி தரும் விடையை மற்றொரு வழியால் ஒப்பிடுவோர் ஏமாறுவதில்லை. ஆனால் அம்மற்றொரு கருவியும் சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

முடிவுரை

பிழையே இல்லாத கருவியை எவரும் செய்ததில்லை. எவ்வளவு பிழை, எப்பக்கம் பிழை எனத் தெரிந்துவிட்டால் அது திருத்தமாக மாறிவிடும். தெரியாத பிழையே கலத்தைக் கவிழ்க்கும். சான்றிதழ் இருக்கிறது, விலை உயர்ந்தது, பெரியோர் கையாண்டது என்பவை கருவியை நம்புவதற்குப் போதிய காரணங்கள் ஆகா. அதனைத் தான் சாராத ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தலே நம்பிக்கைக்கு அடிப்படை.

இதனை ஏட்டளவில் நிறுத்திவிடாமல் செய்து காண மாணவர் முன்வர வேண்டும் என்பது எம் விழைவு. தொழிற்பேட்டையின் விளக்குகளும் அனல்மின் நிலையங்களின் ஒளியும் வானத்தை மறைப்பதால், பழவேற்காட்டுக் கரையே இதற்குத் தக்க இடம். மார்ச்சுத் திங்களில் நிலவில்லா ஓரிரவு போதும். தமிழ்த்துறை மாணவர் நாள்மீன்களை இனங்காட்ட, இயற்பியல் மாணவர் அளவெடுக்க, கணித மாணவர் கணக்கிட, மூன்று துறையினரும் கூடிச் செய்யத் தக்க பணி இது. கடலோடிய முன்னோரின் செக்ஸ்டண்ட் எவர் இல்லத்திலேனும் பெட்டிக்குள் உறங்குமாயின், பெரியோர் அதனைச் சில நாள் இரவலாகத் தந்துதவ வேண்டுகிறோம். சோதித்து, பிழை அட்டவணை ஒன்றையும் எழுதிப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பித் தருவது மாணவர் கடமையாகும்.